'பொஸி' (bossy) என்ற ஆங்கிலச் சொல்லின் சரியான பொருள் என்ன? ஒருவரை அப்படிச் சொல்வது வசையா?

பிறரை ஏவிக்கொண்டே இருப்பவர் என்று பொருள். வசைதான். சிரித்த முகத்தோடு சொன்னாலும் வசைதான். இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் யாரோ உங்களை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒரு பெண்ணாகவும் இருக்கக்கூடும். என்னைப் பற்றி அது எழுத்திலேயே வந்தது.

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையோரம் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்யும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். எனக்குக் கீழே ஏழு பேர். கடலில் குளித்து வருகிறவர்கள் மணலோடு கட்டிலில் சாய்வார்கள். அந்த விரிப்புகளை உதறாமல் சலவை இயந்திரத்தில் போட்டால் மணல் அடியில் தங்கி, நீரை வெளியேற்றும் பம்பை அடைத்துவிடும். ஒரே பருவத்தில் இரண்டு தடவை இயந்திரம் நின்று, விரிப்புகளையெல்லாம் கையால் தோய்த்தோம். அதன்பிறகு உதறாத விரிப்பு சலவை அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன் கேட்கவில்லை. அவன் கொண்டுவந்த மூட்டையை வாசலிலேயே நிறுத்தி, அவிழ்த்து உதறவைத்தேன். கத்தவில்லை, தரக்குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேலையாட்களை வதைப்பதற்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில், 'நல்ல வேலைக்காரி, ஆனால் பொஸி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். கோபம் வந்தால் கரண்டியை வீசுகிற சமையற்கட்டுப் பொறுப்பாளருக்கு 'ஸ்ட்ரிக்ட்', அதாவது கண்டிப்பானவர். அவரே தன் படிவத்தை எனக்குக் காட்டினார்.

அகராதியைப் புரட்டினேன். அதே எழுத்துக்கூட்டலில் 'குமிழ்கள் பதித்த' என்றும் ஒரு பொருள் இருந்தது. கேடயத்தின் நடுவே புடைத்து நிற்கும் குமிழுக்கும் ஆங்கிலத்தில் 'பொஸ்' என்றே பெயராம். குழம்பிப்போய், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான பெரியப்பாவிடம் பாலையூற்றுக்குப் போனேன். முற்றத்தில் தச்சர் ஒருவர் கதவுப் பலகை சீவிக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரைக் காட்டி, "பிள்ளை, இவரை நாங்கள் 'பாஸ்' என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சொல்லும் உன்னுடைய பொஸியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்" என்றார். இரண்டுக்கும் தாய் 'பாஸ்' என்ற ஒல்லாந்தச் சொல். எசமான், தலைவன் என்று பொருள். அது அமெரிக்கா வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பொஸ்' ஆனது. இங்கேயோ, 1639இல் நம் கோணமலைக் கோட்டையைப் பிடித்த அதே ஒல்லாந்தரிடமிருந்து நேராக வந்தது. தச்சரையும் மேசனையும் சிங்களவரும் நாமும் மதிப்போடு அழைக்கும் சொல் அது. நம்மிடம் அது கைத்திறனுக்குக் கொடுக்கும் மரியாதை. ஆங்கிலத்தில் வாலில் ஓர் 'இ' ஒட்டியதும் ஏச்சாகிவிட்டது.

இனிப் பயன்பாடு. பிறரை ஏவுவதில் விருப்பம் உள்ளவர், உரிமை இல்லாத இடத்திலும் 'இதைச் செய், அதை வை' என்று சொல்லிக்கொண்டிருப்பவர் பொஸி. தம்பி தங்கைகளை ஆட்டிப்படைக்கும் அக்காவைச் செல்லமாகக் கடிந்துகொள்ளவும் ஆங்கிலத்தில் அதைச் சொல்வார்கள். தமிழில் 'அதிகாரம் செய்கிறவள்', 'நாட்டாமைக்காரி' என்பவை கிட்ட வரும். 'டொமினியரிங்' இதைவிடக் கடுமையானது. மற்றவரைத் தலைதூக்க விடாத ஆளுக்கு உரியது. மனைவியின் தொலைபேசியைச் சோதித்து, சம்பளத்தைப் பறித்து, தாய்வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்கிற கணவனைப் பொஸி என்று சொல்லாதீர்கள். அது அவனுடைய குற்றத்தைச் சிறிதாக்கிவிடும். அவனுக்கு 'கொன்ட்ரோலிங்' என்பதே பொருந்தும்.

ஆண்களுக்கும் இலக்கணப்படி பொஸி பொருந்தும். ஆனால் அதிகமாக விழுவது பெண்பிள்ளைகள் மேல்தான். அமெரிக்காவில், அப்போது ஃபேஸ்புக் நிறுவனத்தின் உயரதிகாரியாக இருந்த ஷெரில் சாண்ட்பெர்க், பெண் சாரணர் அமைப்போடு சேர்ந்து 2014இல் இந்தச் சொல்லுக்கு எதிராக ஓர் இயக்கமே நடத்தினார். சொல்லைத் தடுத்து என்ன பயன் என்று அப்போது பலர் எதிர்த்தார்கள். எனக்கும் சொல்லைத் தடுக்க வேண்டும் என்றில்லை. ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து இரண்டு சொல் எழுதுவதுதான் வலிக்கிறது.

படிவத்தை ஏன் ஆங்கிலத்தில் எழுதினார்கள்? எங்கள் பிரிவில் ஒருவருக்கும் அதைச் சரளமாக வாசிக்கத் தெரியாது. இன்னொன்று: இங்கே கடற்கரைப் பருவம் சித்திரையில் தொடங்கிப் புரட்டாசியோடு முடியும். வாடைக்காற்று தொடங்கியதும் துப்புரவுப் பெண்களைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் கார்த்திகை மாதத்தில் நகை அடகு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை.

உங்களை யாராவது பொஸி என்று எழுதினால், எந்த நாள், யாரிடம், என்ன சொன்னேன் என்று கேளுங்கள். நான் கேட்டேன். முகாமையாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'சலவை அறை வாசலில் விரிப்புகளை உதறச் சொன்னார்' என்று அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டார். அந்தத் தாள் இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது.