சர்ஜரி பிஜி முதல் வருடத்தில் கத்தியையே தொட விடுவதில்லை. இந்தப் போஸ்டிங்குகளால் என்ன பயன்?

எம்பிபிஎஸ் முடித்து ஜெனரல் சர்ஜரியில் மேற்படிப்பு (பிஜி) முதல் வருடம் நீங்கள். வார்டு, கேஷுவாலிட்டி, ஐசியூ, அனஸ்தீசியா என்று மாதத்துக்கொரு போஸ்டிங்காகச் சுற்ற விடுகிறார்கள், ஆபரேஷன் தியேட்டரில் வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடிப்பதோடு சரி, அடுத்த மாத ஐசியூ போஸ்டிங்கில் மிச்ச லீவையெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத ஒன்றையும் யூகிக்கிறேன்: பக்கத்து யூனிட்டில் உங்கள் பேட்ச் ஆள் யாரோ இதற்குள் இரண்டு ஹெர்னியா ஆபரேஷன் செய்திருப்பார். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அவர் கேண்டீனில் வந்து உட்கார்ந்தாலே எனக்குப் பசி போய்விடும்.

லீவு போடாதீர்கள். ஏன் என்று சொல்ல என் கதையைச் சொல்லியாக வேண்டும். பெருமைப்படுகிற கதை இல்லை.

முதல் வருடம், எட்டாவது மாதம். எங்கள் யூனிட்டில் ஒரு பெரியவருக்கு வலது பக்கப் பெருங்குடலில் புற்றுநோய். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, சிறுகுடலை மீதிப் பெருங்குடலோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். நாலாம் நாள் வரை எல்லாம் ஒழுங்கு. ஐந்தாம் நாள் காலை, ரவுண்ட்ஸுக்கு முன் பதினெட்டு பேரை ஓட்டமாகப் பார்த்தேன். இவர் வயிற்றை அமுக்கினேன், மிருதுவாக இருந்தது. எப்படி இருக்கீங்க என்றேன். "விக்கல்தான் நிக்க மாட்டேங்குது டாக்டர்" என்றார். கேஸ் ஷீட்டில் 'ஸ்டேபிள்' என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனேன்.

அன்று எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றால், மதியம் வரும் அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) ஆபரேஷனை நானே செய்யலாம் என்று சீனியர் சொல்லியிருந்தார். முந்தின ராத்திரி தூங்கவில்லை. இடுப்பெலும்பு முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு, அதில் எலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு, அங்கேதான் கத்தி வைக்க வேண்டும் என்று என் வயிற்றிலேயே விரலால் அளந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு, தியேட்டருக்குக் கிளம்பும்போது சிஸ்டர் கூப்பிட்டார். "டாக்டர், ஏழாம் பெட்டுக்குப் பல்ஸ் ஏறிக்கிட்டே போகுது. இப்ப 118."

"வலியா இருக்கும் சிஸ்டர். பாராசிட்டமால் போட்டு விடுங்க, வந்து பாக்கறேன்."

அவர் அசையவில்லை. ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுங்களேன் என்கிற மாதிரி நின்றார். நான் படியிறங்கிவிட்டேன்.

அப்பெண்டிக்ஸ் நன்றாக வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெருங்குடலின் மேல் ஓடும் பட்டைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே கீழே போனால் அப்பெண்டிக்ஸின் அடிப்பாகத்துக்குப் போய்ச் சேரலாம் என்று படித்தது, விரல் நுனியில் அப்படியே கிடைத்தது. நோட்ஸ் எழுதி, டீ குடித்து, வார்டுக்கு வந்தபோது மணி நாலு.

ஏழாம் பெட்டைச் சுற்றித் திரை. பல்ஸ் 136, மூச்சு நிமிடத்துக்கு 32, பிபி 90க்குக் கீழே. யூரின் பையில் கடைசி ஒரு மணி நேரத்தில் 10 மில்லிகூட இல்லை. காலையில் மிருதுவாக இருந்த வயிறு பலகையாகியிருந்தது. தைத்த இடம் விட்டுப்போய்க் கசிந்திருந்தது.

சீஃப் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் சார்ட்டை வாங்கினார், என் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்தார், 6 மணிக்கு 92, 8க்கு 98, 10க்கு 108, 12க்கு 118 என்று இருந்த நாலு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்தார். "படிக்கட்டு மாதிரி ஏறியிருக்கு பாரு" என்றார். அவ்வளவுதான். பேனாவைத் திருப்பித் தந்துவிட்டு தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார்.

குடல் தையல் கசிந்தால் வயிறு இறுகும் என்றுதான் காத்திருந்தேன். வயிறு பல நேரம் தாமதமாகத்தான் பேசும். அதற்கு முன்பே பல்ஸும் மூச்சும் சொல்லிவிடும். விடாத விக்கல்கூட, உதரவிதானத்துக்குக் கீழே ஏதோ உறுத்துகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். எல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

அன்று இரவே வயிற்றைத் திறந்து கழுவி, இணைப்பைப் பிரித்து, குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே ஸ்டோமாவாகத் திறந்து வைத்தார்கள். வென்டிலேட்டரோடு ஐசியூவுக்குப் போனார். அடுத்த மாதம் என் போஸ்டிங் எங்கே? அதே ஐசியூ. முதல் நாள் உள்ளே போனால் அவர் அங்கே இருக்கிறார். நானும் லீவு போடலாமா என்று யோசித்தேன், உங்களைப் போல ஹெர்னியாவுக்காக இல்லை.

அந்த மாதம் கற்றுக்கொண்டதை எந்த ஹெர்னியாவும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது. கிலோவுக்கு அரை மில்லி என்றால், 60 கிலோ மனிதருக்கு மணிக்கு 30 மில்லியாவது யூரின் வர வேண்டும். 22 வந்தால் திரவம் போதவில்லையா, இதயம் தள்ளவில்லையா, வெறும் கதீட்டர் (யூரின் குழாய்) மடங்கியிருக்கிறதா? (ஒரு தடவை மடங்கித்தான் இருந்தது.) சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் கீழே போகாமல் அழுத்தத்தை ஏற்றிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைப்பது, மூச்சுக் குழாயை எப்போது எடுக்கலாம் என்று அனஸ்தீசியாக்காரர்களோடு சண்டை போட்டுத் தோற்பது என்று நாட்கள் போயின. அவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு, "ஜூனியரை மாடு மாதிரி வேலை வாங்குவதை நியாயப்படுத்துகிறான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ரிப்போர்ட்டுக்குக் கியூவில் நிற்பதும் பயிற்சியே இல்லை, அதற்கு ஆள் போட வேண்டும். முப்பது மணி நேரம் தூங்காதவன் 118ஐப் பார்த்தாலும் அது மண்டைக்குள் போகாது. "எங்க காலத்துல ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம்" என்று ஆரம்பிக்கும் பெரியவர்களுக்கு ஒரு தகவல்: ஆஸ்பத்திரியிலேயே கிடந்து கற்கும் இந்தப் பயிற்சி முறைக்கு 1889 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அடித்தளம் போட்ட சர்ஜன் ஹால்ஸ்டட், கொக்கெய்ன் உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்தாக வேலை செய்கிறதா என்று தன்மேலேயே சோதிக்கப் போய் அதற்கு அடிமையானவர். அமெரிக்காவிலேயே 2003ல் பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம்தான் வேலை என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள்.

மற்ற போஸ்டிங்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அனஸ்தீசியாவில் மாஸ்க் பிடித்து மூச்சுக் கொடுக்கக் கை பழகட்டும், கேஷுவாலிட்டியில் உதவும். யூராலஜியில் போகாத கதீட்டரை அடம்பிடித்துத் தள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரத்தக் குழாய் சர்ஜரியில் ஒன்றே ஒன்று: ரத்தம் பீறிட்டால் முதலில் விரலால் அமுக்கு, இடம் கண்ணுக்குத் தெரியாமல் கிளாம்ப் (கவ்வி) போடாதே.

சம்பந்தமில்லாத ஒன்று. எங்கள் துறைப் பெயரில் இந்த 'ஜெனரல்', அதாவது 'பொது', என்ற சொல்லை யார் வைத்தது? ஐந்தாறு வருடமாக எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். "ஜெனரல் சர்ஜனா? அப்ப ஸ்பெஷலிஸ்ட் இல்லையா?" என்கிறார்கள். பித்தப்பை, குடல், தைராய்டு, மார்பகம், ஹெர்னியா, அடிபட்டு வருகிற வயிறு எல்லாம் பார்க்கிறோம் என்றால், "ஓ, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்று பதில் வருகிறது. சரி, விடுங்கள்.

அந்தப் பெரியவர் பிழைத்தார். சில மாதம் கழித்து ஸ்டோமாவை மூட வந்தபோது நான்தான் அட்மிஷன் எழுதினேன். என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "ராத்திரியெல்லாம் என் மூத்திரப் பையையே பார்த்துட்டு நின்னது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு முந்தின மதியத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பல்ஸ் எண்ணினேன், 78.