அடுப்பு இருக்கிறது, நேற்று எரிந்ததா?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கொண்ட தன்னார்வக் குழு. ஒரு கிராமத்தில் 120 வீடுகளில் எரிசக்தி வறுமையை, அதாவது சமையலுக்கும் விளக்குக்கும் போதிய எரிபொருளும் மின்சாரமும் கிடைக்காத நிலையைக் கணக்கெடுக்கப் போகிறோம். வெள்ளோட்டமாக 10 வீடுகளில் கேட்டுப் பார்த்தோம். பத்திலும் மின் இணைப்பு இருக்கிறது, ஒன்பதில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆனால் பாதி வீடுகளின் கொல்லையில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் படிவத்தில் என்ன கோளாறு? எப்படிக் கேட்டால் உண்மை நிலவரம் தெரியும்?

பதில்: விறகைக் கவனித்தீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் படிவம் ‘இருக்கிறதா?’ என்று கேட்கிறது. எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுத்தார்கள் என்ற கணக்கு கொடுத்தவர்களிடமே இருக்கும்; அதற்காக நீங்கள் வீடு வீடாக ஏற வேண்டியதில்லை. நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியது புழக்கத்தை.

படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் மாற்ற முடியும் என்றால், ‘எதில் சமைப்பீர்கள்?’ என்பதை எடுத்துவிடுங்கள். ‘நேற்று காலையிலிருந்து இரவு வரை அடுப்பில் என்னென்ன ஏற்றினீர்கள், எதை எந்த அடுப்பில்?’ என்று கேளுங்கள். ‘வழக்கமாக’ என்று கேட்டால் வந்தவருக்குப் பிடித்த மாதிரி ஒரு பதில் வரும். ‘நேற்று’ என்று கேட்டால் நடந்தது வரும். அவசரத்துக்குச் சூடுபண்ணியது எரிவாயுவில், பெரிய சமையல் விறகில், குளிக்க வெந்நீரும் மாட்டுக்கு வேகவைத்ததும் விறகில் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று அடுப்புகள் இப்படிச் சேர்ந்து ஓடுவதை ஆய்வு வட்டாரத்தில் ‘ஸ்டவ் ஸ்டாக்கிங்’ என்பார்கள். உங்கள் பத்து வீடுகளில் நீங்கள் பார்த்தது அநேகமாக இதுதான்.

காது கேட்கும்போது கண்ணும் வேலை செய்யட்டும். எரிவாயு அடுப்பைத் துணி போட்டு மூடி, அதன்மேல் டப்பா வைத்திருக்கிறார்களா? கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களின் அடியில் கரி எவ்வளவு? விறகடுப்புச் சாம்பலில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கிறதா? என்னைக் கேட்டால், பத்துக் கேள்வி சொல்லாததைப் பாத்திரத்தின் அடி சொல்லிவிடும். படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை விட்டுவிட்டு, சமைப்பவரிடம் பேசுங்கள். விறகு பொறுக்குவதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?’ என்று கேட்டால் யாராலும் கணக்குப் போட முடியாது. ‘கடைசியாக யார் போனது, எப்போது கிளம்பி எப்போது திரும்பினார்?’ என்றால் சட்டென்று பதில் வரும். விறகடுப்புப் புகையில் தினமும் நிற்பவரும் பெரும்பாலும் சமைக்கும் அவர்தான். வீட்டுக்குள் எரியும் இந்த அடுப்புகளின் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மண்ணெண்ணெயையும் சுத்தமான எரிபொருளாக எண்ணிவிட வேண்டாம். வீட்டில் அதை எரிக்க வேண்டாம் என்று அந்த நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது.

சரி, கரன்ட்டுக்கு வருவோம். இதற்கு உலக வங்கி 2015-இல் வெளியிட்ட பல படிநிலைச் சட்டகம் உங்களுக்கு உதவும். இணைப்பு உண்டா, இல்லையா என்பதோடு நிறுத்தாமல், 0 முதல் 5 வரை படிகள் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு திறன், எத்தனை மணி நேரம், எத்தனை முறை நின்றுபோகிறது, வோல்டேஜ் சீராக இருக்கிறதா, கட்டணம் கட்டுப்படியாகிறதா, இணைப்பு முறையானதா, பாதுகாப்பானதா என்று ஏழு விஷயங்களைப் பார்ப்பார்கள். இவற்றில் எது மிகக் கீழே இருக்கிறதோ அதுதான் அந்த வீட்டின் படி. நாள் முழுக்க எத்தனை மணி நேரம் என்பதைத் தனியாகவும், மாலை ஆறிலிருந்து பத்து வரை எத்தனை மணி நேரம் என்பதைத் தனியாகவும் கேட்கிறார்கள். ஒரு வீட்டுக்கு நாளுக்கு 20 மணி நேரம் கரன்ட் வருகிறது, ஆனால் மாலையில் ஒரு மணி நேரம்தான் என்று வையுங்கள். 20 மணி நேரத்தை மட்டும் பார்த்தால் அது நான்காம் படி. மாலைக் கணக்கைச் சேர்த்தால் முதல் படிக்கு இறங்கிவிடும். இரண்டாம் படிக்கே மாலையில் 2 மணி நேரமாவது வேண்டும், நான்காம் படிக்கு நான்கு மணி நேரமும் வேண்டும்.

முறையான இணைப்பா என்று நேராகக் கேட்காதீர்கள், கதவு சாத்தப்படும். ‘கரன்ட்டுக்கு யாரிடம் பணம் கட்டுகிறீர்கள்?’ என்பது போதும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வந்தால் புரிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

செலவுக் கணக்கில்தான் பலர் வழுக்குவார்கள். வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எரிசக்திக்குச் செலவிட வேண்டியிருந்தால் அந்த வீடு வறுமையில் இருக்கிறது என்று ஒரு விதி உண்டு. அது பிரிட்டனில் பிறந்தது. ஆய்வாளர் பிரெண்டா போர்ட்மன் 1991-இல் முன்வைத்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கியே ஆக வேண்டிய, எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கும் ஊருக்கு அது பொருந்தும். விறகு பொறுக்கி வந்து சமைக்கும் வீட்டில் அடுப்புச் செலவு பூஜ்யம், அதனால் செய்த செலவை வைத்து அந்த விதியைப் போட்டால் அது வறுமையே இல்லாத வீடு! உலக வங்கிச் சட்டகம் இதைத் திருப்பிப் போடுகிறது. அந்தக் குடும்பம் என்ன செலவழித்தது என்று கேட்பதில்லை. ஆண்டுக்கு 365 யூனிட் மின்சாரம் வாங்கினால் அது வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் அடங்குமா என்று பார்க்கிறது. நீங்களும் அப்படியே போடுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: சிலிண்டர் தீர்ந்த அன்றைக்கே அடுத்தது வந்ததா, எத்தனை நாள் கழித்து வந்தது? மொத்தமாகப் பணம் புரட்ட முடியாமல் காலி சிலிண்டர் மூலையில் நிற்கும் நாட்கள் மாதச் செலவுக் கணக்கில் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கித் தரச் சொல்லி யாராவது கேட்பார்கள். அதற்கு நுஸ்பாமர், பசிலியன், மோடி ஆகிய ஆய்வாளர்கள் உருவாக்கிய பல பரிமாண எரிசக்தி வறுமைக் குறியீடு இருக்கிறது. சமையல் எரிபொருள், வீட்டுப் புகை, விளக்கு ஆகியவற்றுக்குத் தலா 0.2 எடை, ஃபிரிட்ஜ், டிவி அல்லது ரேடியோ, போன் ஆகியவற்றுக்குத் தலா 0.13. ஒரு வீட்டில் குறையாக உள்ளவற்றின் எடையைக் கூட்டி 0.3-ஐத் தாண்டினால் வறுமை. விளக்கு, டிவி, போன் எல்லாம் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் இல்லை. எரிவாயு அடுப்பு இருக்கிறது என்று எழுதினால் 0.13, தப்பித்தது. நேற்றைய சமையல் முழுக்கப் புகைபோக்கி இல்லாத விறகடுப்பில் நடந்தது என்று எழுதினால் 0.53, வறுமை. வீடு ஒன்றுதான், கேள்விதான் மாறியது. அதனால் எண்ணைக் கொடுக்கும்போது எந்தக் கேள்வியிலிருந்து அது வந்தது என்பதையும் அறிக்கையிலேயே அச்சிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போவது வெயில் காலமென்றால் விறகு காய்ந்திருக்கும், வெளியில் அடுப்பு மூட்டுவார்கள், புகை பெரிதாகத் தெரியாது. மழையில் அதே அடுப்பு ஈர விறகோடு வீட்டுக்குள் வந்துவிடும். 120 வீட்டுக்கும் மறுபடி போக முடியாது, எனக்கும் தெரியும். குலுக்கிப் போட்டு 20 வீடுகளைப் பொறுக்கிக்கொண்டு, அடைமழை நாட்களில் அதே ‘நேற்று’ கேள்வியோடு ஒருமுறை போய் வாருங்கள்.