கேளுங்கள், சொல்கிறேன்: சுவரில் ஏறும் ஸ்பீக்கர்கள்

உப்புவெளி வாசகி ஒருவர்: மகன் விடுமுறையில் வந்தபோது ஐந்து ஸ்பீக்கரும் அடித்தொனிக்கென்று ஒரு சப்வூஃபரும் உள்ள ஹோம் தியேட்டர் செற் வாங்கித் தந்துவிட்டுப் போனான். ஹோல் 16 அடி நீளம், 12 அடி அகலம். சுவர் சீமெந்துப் புளொக் கல். பின்னுக்கு வரும் இரண்டு ஸ்பீக்கரையும் பின்சுவரின் இரண்டு மூலையிலும் சீலிங்குக்குக் கிட்ட, மர ஆப்பு அடித்து ஆணியில் தூக்கிவிடலாம் என்கிறார் மேசன். கீழே செற்றியில் பேரன் படுத்துத் தூங்குவான். விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடலும் கூப்பிடு தூரத்தில்தான். என்ன செய்யலாம்?

அக்கா, மேசனில் பிழை சொல்ல மாட்டேன். ஸ்பீக்கர் என்றால் உயரத்தில்தான் கட்ட வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். நானே பல வருடம் ஒலிபெருக்கி செற் வாடகைக்கு விட்டவன். திருவிழா என்றால் ஹோர்ன் ஸ்பீக்கரை வேப்பமரத்திலும் விளக்குக் கம்பத்திலும் ஏற்றிக் கட்டுவோம். அது ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காக. உங்கள் ஹோலில் கேட்கப் போவது செற்றியில் இருக்கும் நாலு பேர்தானே? அந்த நாலு பேருடைய காதிலிருந்துதான் அளவைத் தொடங்க வேண்டும்.

பின் ஸ்பீக்கர் என்று நாங்கள் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் ஐந்து ஸ்பீக்கர் செற்றில் அவை பக்கத்து ஸ்பீக்கர்கள், கொஞ்சம் பின்தள்ளி. ரீவியை நேரே பார்த்து இருப்பவருக்கு நேர் முன்பக்கம் 0 பாகை என்றால், இவை 110 முதல் 120 பாகையில் நிற்க வேண்டும் என்கிறது சினிமா ஒலி முறைகளை வகுக்கும் டொல்பி நிறுவனம். பாகைமானி தேட வேண்டாம். செற்றி நடுவில் இருப்பவரின் காதுக்கு நேரே பக்கச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். உங்கள் ஹோலில் அந்தச் சுவர் 6 அடி தூரத்தில் இருக்கிறது. கோட்டிலிருந்து பின்னுக்கு 2 அடி 2 அங்குலம் போனால் 110 பாகை, மூன்றரை அடி போனால் 120. அதற்குள் எங்கே வசதியோ அங்கே மாட்டுங்கள். பின்சுவர் மூலையை மறந்துவிடுங்கள்.

உயரத்துக்கு வருவோம். செற்றியில் இருப்பவரின் காது தரையிலிருந்து மூன்று, மூன்றேகால் அடி வரும். ஸ்பீக்கரின் மேல் சின்னக் கண், அதாவது ட்வீற்றர், ஐந்து அடியில் வரட்டும். மிஞ்சினால் ஐந்தரை. காது மட்டத்திலேயே வைத்தால் பக்கத்தில் இருப்பவரின் தலை மறைத்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கொஞ்ச உயரம். ஒன்பது அடியில் வைத்தால் என்ன ஆகும்? படத்தில் மழை பெய்யும்போது நன்றாகத்தான் இருக்கும். பின்னால் ஒருவன் செருப்புத் தேய நடந்து வரும்போது அவன் கூரையில் நடப்பான்! சீலிங்கிலும் ஸ்பீக்கர் வைக்கும் அட்மோஸ் செற் என்றால் பக்கத்து ஸ்பீக்கர் இன்னும் கீழே, காது மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் அதற்குக் கொடுத்த காசுக்குப் பொருள் உண்டு.

ட்ரில்லைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு ஸ்பீக்கரையும் அந்த இடத்திலேயே ஏணிப் படியிலோ, கதிரைக்கு மேல் பெட்டி அடுக்கியோ வைத்து ஒரு கிழமை படம் பாருங்கள். பேரனை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள். சத்தம் பிடித்த பிறகு துளை போடலாம். வீட்டில் ஏணி கிடப்பது வடிவில்லைத்தான். சுவரில் நாலு பிழைத் துளை இருப்பதும் வடிவில்லை.

இனி மர ஆப்பு. அது வேண்டவே வேண்டாம். மாரியில் ஈரம் குடித்து ஊதும், கச்சான் வீசும்போது காய்ந்து சுருங்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஆணி கையோடு வந்துவிடும். உங்கள் சுவர் புளொக் கல் என்பதால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கல்லுக்கு உள்ளே பொந்து. ஸ்குறூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் சாதாரண றோல் பிளக் பொந்துக்குள் போனால் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். விரல் மொழியால் தட்டிப் பார்த்தால் பொந்து இருக்கும் இடம் டொக்கென்று கேட்கும். அந்த இடத்தில்தான் மாட்ட வேண்டும் என்றால், மேசனைக் கொண்டு சிறிதாக உடைத்து, ஒன்றுக்கு மூன்று சீமெந்துக் கலவையால் பொந்தை இறுக்கி அடையுங்கள். ஒரு கிழமை தண்ணீர் தெளித்து இறுகவிட்டு, 8 மில்லிமீற்றர் ட்ரில் போட்டு பிளக்கை ஏற்றுங்கள். மேல் பூச்சு மட்டுமே அரை, முக்கால் அங்குலம் இருக்கும். அது பாரம் தாங்காது. பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டி உள்ளே போக வேண்டும், ஆகவே ஸ்குறூ இரண்டரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

சுவிட்ச்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். வயர் குழாய் சுவருக்குள் அந்த வழியாகத்தான் ஓடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓர்ஸ் ஹில்லில் என் தம்பி வீட்டில், விசிறி சுவிட்ச்சுக்கு நேர் மேலே, நல்ல நம்பிக்கையோடு ட்ரில்லை இறக்கினேன். படீரென்றது, வீடே இருட்டு. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் நான் தப்பினேன். சுவரை வெட்டி வயர் மாற்றிப் பூசிய செலவு ஸ்பீக்கரின் விலையைத் தாண்டியது. தம்பி மனைவி இன்றைக்கும் எனக்குத் தேநீர் தரும்போது அந்தச் சுவரை ஒருமுறை பார்ப்பார்.

ஸ்பீக்கரின் முதுகில் உள்ள திருகுத் துளையையும் பாருங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 6 மில்லிமீற்றர், மற்றது கால் அங்குலம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் புரி வேறு. கையால் நாலு சுற்று இலேசாகப் போக வேண்டும். போகாததை ஸ்பானர் போட்டு இறுக்கினால் புரி தேய்ந்து, ஒருநாள் நடுச்சாமத்தில் கழன்று விழும். பேரனுக்காக இன்னொன்றும் செய்யுங்கள். ஸ்பீக்கரைச் சுவரில் தாங்கும் பிராக்கற்றிலிருந்து தனியாக, சுவரில் வேறொரு ஸ்குறூ அடித்து, அதிலிருந்து மெல்லிய ஸ்ரெயின்லெஸ் கம்பியால் ஸ்பீக்கரைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். வேப்பமரத்தில் ஹோர்ன் கட்டும்போதும் இரண்டாவது கயிறு போடாமல் நான் இறங்கியதில்லை.

கடற்கரை வீட்டில் முதலில் கறள் பிடிப்பது பிராக்கற் இல்லை, அதோடு பெட்டியில் வரும் ஸ்குறூக்கள். ஒரு மாரி முடிய சுவரில் பழுப்புக் கோடு இறங்கும். அவற்றை எறிந்துவிட்டு, படகுச் சாமான் விற்கும் கடையில் 316 ஸ்ரெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். 304 என்ற ரகம் கொஞ்சம் மலிவு, உப்புக்காற்றுக்கு அவ்வளவு தாங்காது.

வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு போதும். 12 மீற்றர் ஓடினாலும் போக வர அதன் தடை கால் ஓமுக்குச் சற்று மேலேதான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிதில்லை. செற்றோடு வரும் நூல் வயரில் மூன்று மடங்கு வந்துவிடும். கடையில் ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். உப்புக்காற்றில் அதன் நுனி மாவாய் உதிரும்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் ரிசீவரோடு, அதாவது ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்பும் பெட்டியோடு, வந்த சின்ன மைக்கைக் காது உயரத்தில் வைத்து ஸ்பீக்கர்களின் சத்தத்தை அளவெடுக்கும் வேலையை மறுபடி ஓடவிடுங்கள். ஏணியில் வைத்து எடுத்த பழைய அளவு இனிச் சரிவராது.

மட்டிக்களி வாசகர்: செற்றி பின்சுவரோடு ஒட்டித்தான் இருக்கிறது. பின் ஸ்பீக்கரைத் தலைக்கு மேலே மாட்டலாமா?

வேண்டாம். காதுக்குள் கத்தும். செற்றியை ஒன்றரை அடி முன்னுக்கு இழுக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இடமே இல்லையென்றால் பக்கச் சுவரில், காதுக்கு நேரே ஐந்தரை அடியில் மாட்டி, எதிர்ச் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள். செற்றியின் ஓரத்தில் இருப்பவரை நேரே பார்க்க விடாதீர்கள், பாவம்.

சிவன் கோவிலடி வாசகர்: வாடகை வீடு. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர், வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார். வயர்லெஸ் பின் ஸ்பீக்கர் வாங்கினால் தொல்லை இல்லைத்தானே?

வயர்லெஸ் என்றால் ரிசீவரிலிருந்து வரும் வயர்தான் இல்லை. அநேகமான செற்றில் பின் ஸ்பீக்கருக்கென்று 230 வோல்ட் பிளக் வேண்டும். பழைய வீட்டில் பின்பக்கம் பிளக் பொயின்ற் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வயரை மிச்சம் பிடிக்கப் போய் எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பீர்கள். துளை விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. சுண்ணாம்புச் சுவரில் ஹமர் ட்ரில் வைத்தால் துளை வராது, கைப்பிடி சாந்து வரும். இரண்டு இரும்பு ஸ்ராண்ட் செய்வித்து, அடியில் பாரமான கல்லோ மணலோ போட்டு நிறுத்துங்கள். வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.

பாலையூற்று வாசகி: சுவரில் மாட்டி இரண்டு வருடமாகிறது. இடது பக்க ஸ்பீக்கர் மட்டும் அடித்தொனி வரும்போது கடகடவென்று ஆடுகிறது. உள்ளே அதிரும் கோன் கிழிந்துவிட்டதா?

தங்கச்சி, முதலில் பிராக்கற் ஸ்குறூவை இறுக்கிப் பாருங்கள். அப்போதும் கடகடத்தால் ஸ்பீக்கரை இறக்கி, முதுகில் உள்ள காற்றுத் துளையைக் கீழே பிடித்து மெல்லக் குலுக்குங்கள். என்னிடம் இப்படி வந்த பெட்டிகளில் பலதுக்குள் இருந்தது பல்லி முட்டை. காய்ந்த ஓடு உள்ளே உருண்டு சத்தம் போடும். விழாவிட்டால் கோனைக் கழற்றி எடுக்க வேண்டும். பிறகு அந்தத் துளைக்கு நுளம்பு வலைத் துண்டொன்றை இழுத்து ஒட்டிவிடுங்கள், காற்றுப் போகும், பல்லி போகாது. திரும்ப மாட்டும்போது முதுகுக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது விடுங்கள்.