சவுத் சிட்னி: வெளியேற்றமும் விற்பனையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளையாட்டு ரசிகர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1999இல் போட்டியிலிருந்து நீக்கப்பட்டு மீண்டும் உள்ளே வந்த சவுத் சிட்னி ராபிட்டோஸ் என்னும் ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணியை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப் படித்தேன். ஊடக முதலாளிக்கு எதிராகத் தெருவில் இறங்கிய அதே சங்கம், 2006இல் தன் பெரும்பங்கை நடிகர் ரசல் குரோவுக்கும் ஒரு தொழிலதிபருக்கும் விற்றிருக்கிறது. அப்படியென்றால் அந்தப் போராட்டத்துக்கு என்ன பொருள்? போட்டியை நடத்துபவர்களுக்கு, அதில் யார் ஆடலாம் என்று முடிவுசெய்யும் உரிமை இல்லையா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்குச் சட்டமே விடை சொல்லியிருக்கிறது. அந்த விடை ரசிகர்களுக்கு உவப்பானது அல்ல. நீக்கத்தை எதிர்த்துச் சவுத் சிட்னி தொடுத்த வழக்கை 2000 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2001 ஜூலையில் மேல்முறையீட்டு அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், சங்கத்தின் பக்கம் நின்றதால் 2002இல் அணி போட்டிக்குத் திரும்பியது. ஆனால் 2003 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், அந்நாட்டின் கடைசி நீதிமன்றம் அதுதான், நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் அத்தீர்ப்பை மாற்றியது. அணிகளின் எண்ணிக்கையை 14 என்று வரையறுத்தது எந்தச் சங்கத்தையும் குறிவைத்து விலக்கும் நோக்கம் கொண்டதல்ல என்று முடிவுசெய்தது. வழக்கில் தோற்ற அணி அப்போது திரும்பிவந்து இரண்டாவது பருவத்தை ஆடிக்கொண்டிருந்தது. அதை மறுபடி வெளியே அனுப்ப யாரும் முன்வரவில்லை.

அந்த 14 என்ற எண் வந்த வழி இது. 1995இல் நியூஸ் லிமிடெட் என்னும் ஊடக நிறுவனம், நீங்கள் சொல்லும் ஊடக முதலாளி இதுதான், கட்டணத் தொலைக்காட்சி ஒளிபரப்பைக் குறிவைத்துத் தனியாக ஒரு லீக்கை உருவாக்க முனைய, ஆட்டக்காரர்களும் சங்கங்களும் இரண்டாகப் பிரிந்தனர். 1997இல் இரண்டு போட்டிகள் ஒரே நேரத்தில் நடந்தன. அந்த ஆண்டின் இறுதியில் சமரசம் ஏற்பட்டபோது, 1998இல் 20 அணிகளுடன் தொடங்கும் போட்டியை 2000க்குள் 14 ஆகக் குறைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு அணியோடு இணையும் அணிக்கு இடம் எளிது. சவுத் சிட்னி இணைய மறுத்தது. பார்வையாளர் எண்ணிக்கை, வருவாய் போன்றவற்றை அளந்து போட்ட மதிப்பெண்ணில் கீழே வந்ததால் நீக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் அது பணமும் இல்லாத, வெற்றியும் இல்லாத அணி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படிப்பட்ட அணிக்காக 2000 நவம்பரில் ஏறத்தாழ 80,000 பேர் சிட்னி வீதிகளில் நடந்தார்கள். இந்த ஆட்டமே கூலிப் பிரச்சினையில் பிறந்தது என்பதை நினைவில் கொண்டால் இது அவ்வளவு வியப்பளிக்காது. 1895இல் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில், ஆடுவதற்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற தகராறில்தான் ரக்பி லீக், ரக்பி யூனியன் என்னும் ஆட்டத்திலிருந்து பிரிந்தது. (இலங்கைப் பள்ளிகளில் ஆடப்படுவது யூனியன்; அதில் 15 பேர், இதில் 13 பேர்.) சிட்னியிலும் காயமுற்ற ஆட்டக்காரருக்கு ஈடு கிடைக்காத மனக்கசப்பு 1907இல் முற்றியது. மறு ஆண்டு ஜனவரி 17 அன்று ரெட்ஃபெர்ன் நகர மன்றத்தில் சவுத் சிட்னி தொடங்கப்பட்டது. ரயில்வே பட்டறைத் தொழிலாளர்களும், பின்னாளில் பழங்குடி மக்களும் திரளாக வாழ்ந்த பகுதி அது.

அணி புனிதமானது என்று எண்ணிவிடாதீர்கள். 1909 இறுதியாட்டம் வேறொரு காட்சிப் போட்டிக்கு முன்னோட்டமாக வைக்கப்பட்டதை எதிர்த்துப் பால்மெய்ன் அணி ஆட வரவில்லை. சவுத் சிட்னி தனியாகக் களத்தில் இறங்கிப் பந்தை உதைத்து, எதிரே எவரும் இல்லாத மைதானத்தில் தானே அதை எடுத்துச்சென்று கோட்டுக்கு அப்பால் வைத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டது. இரு அணிகளும் வருவதில்லை என்று பேசிவைத்திருந்ததாகப் பால்மெய்ன்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். மறுபுறம் 1970 இறுதியாட்டத்தில், தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிரணியின் குத்தில் தாடை முறிந்த தலைவர் ஜான் சாட்லர், அது எதிரிகளுக்குத் தெரிந்துவிடாதபடி தன்னைத் தாங்கிப் பிடிக்குமாறு தோழர்களிடம் சொல்லிவிட்டு, கடைசிவரை ஆடி மான்லி அணியை 23-12 என வென்றார். 1971க்குள் சேர்ந்த 20 பட்டங்களின் பின்னால் இப்படியான நினைவுகள் இருக்கின்றன. மதிப்பெண் பட்டியலில் இவற்றுக்குக் கட்டம் இல்லை, இருந்திருக்க முடியும் என்றும் நான் கருதவில்லை.

இனி விற்பனை. திரும்பிவந்த அணி 2003இலும் 2004இலும் கடைசி இடம். 2006 மார்ச்சில் ரசல் குரோவும் தொழிலதிபர் பீட்டர் ஹோம்ஸ் ஆ கோர்ட்டும் 30 லட்சம் டாலருக்கு 75 சதவீதப் பங்கைக் கேட்டார்கள். வெளியேற்றத்துக்கு எதிரான போராட்டத்தை முன்நின்று நடத்திய ஜார்ஜ் பிகின்ஸ் இதையும் கடுமையாக எதிர்த்தார். உறுப்பினர்கள் வாக்களித்தார்கள், 75 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 75.8 சதவீதம் ஆதரவு கிடைத்தது. இழுபறியில் பிழைத்த இந்த வாக்கை நான் துரோகம் என்று சொல்லமாட்டேன். 1999இல் முடிவை எடுத்தவர்கள் அந்த உறுப்பினர்களைக் கேட்கவில்லை, 2006இல் அவர்களைக் கேட்காமல் எதுவும் நடந்திருக்க முடியாது. பிகின்ஸின் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் தோற்றது தன் சங்கத்தாரிடம். 2014இல் கேன்டர்பரியை 30-6 என வென்று 43 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் கிடைத்ததை விற்பனைக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அன்று தோற்றிருந்தாலும் வாக்கு செல்லும்.

ஒப்பிட விரும்பினால் நார்த் சிட்னியைப் பாருங்கள். அதுவும் 1908இல் பிறந்த சங்கம். கடனில் சிக்கி, மான்லியுடன் சேர்ந்து 2000இல் ‘நார்தர்ன் ஈகிள்ஸ்’ ஆனது. அந்தக் கூட்டு மூன்று பருவங்கள்கூட நிலைக்கவில்லை. மான்லி தன் பெயரோடு மீண்டது, நார்த் சிட்னியின் கரடிச் சின்னம் முதல்தரப் போட்டியிலிருந்து மறைந்தது. 2027இல் அந்தச் சின்னம் திரும்பவிருக்கிறது, ஆனால் கண்டத்தின் மறுகோடியில் உள்ள பெர்த் நகர அணியின் சின்னமாக.