ஓட்டோமற்றிக் காரில் இடது காலுக்குப் பிறேக்கைக் கொடுக்கலாமா?

கேள்வி: முப்பது ஆண்டுகளாகக் கியர் மாற்றும் காரையே ஓட்டிவந்த நான், அண்மையில் ஓட்டோமற்றிக் கார் ஒன்றை வாங்கினேன். கனடாவிலிருந்து வந்திருந்த மருமகன், "இடது கால் சும்மாதானே இருக்குது, அதாலை பிறேக்கை மிதியுங்கோ மாமா, கார் கெதியா நிக்கும்" என்றார். ஒழுங்கையிலிருந்து காங்கேசன்துறை வீதிக்கு ஏறும்போது அவ்வாறு மிதித்தேன். கார் வெடுக்கென்று நின்று, பின்னால் இருந்த மனைவியின் நெற்றி முன் ஆசனத்தில் மோதிவிட்டது. பழகினால் சரியாகிவிடுமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் மனைவிக்குப் பெரிய காயம் இல்லை என்று நம்புகிறேன், பின் ஆசனத்திலும் ஆசனப்பட்டி அணிவதை இனி வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நடந்ததற்குக் காரணம் உங்கள் இடது கால் முப்பது ஆண்டுகளாகக் கற்ற பாடம். கிளச்சை ஒரே மூச்சில் அடிவரை அழுத்தி, பிறகு மெல்ல மெல்ல விடுவதே அதற்குத் தெரிந்த வேலை. பிறேக்கையோ மெல்ல அழுத்தத் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டிச் செல்லவேண்டும்.

மருமகன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுவதால், வலது காலை அக்சிலேற்றரிலிருந்து பிறேக்குக்கு மாற்றும் நேரத்தில் செக்கனின் ஐந்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலும் மூன்று மீற்றர் அளவு முன்னதாக நிற்கலாம். போர்முலா 1 கார்ப் பந்தய ஓட்டுநர்கள் இடது காலால்தான் பிறேக் பிடிக்கிறார்கள். ஆனால் சிறுவயதில் ஓட்டிய 'கார்ட்' என்னும் சிறு பந்தய வண்டிகளிலேயே அந்தக் கால் அதற்குப் பழகிவிடுகிறது.

நம் வீதியில், வேலியோரத்திலிருந்து ஒரு பிள்ளை சைக்கிளோடு குறுக்கே வந்தால், பதற்றத்தில் இரண்டு கால்களும் ஒன்றாக அழுந்தக்கூடும் என்பதுதான் என் அச்சம். அப்போது இயந்திரம் காரைத் தள்ள, பிறேக் அதனோடு போராடவேண்டியிருக்கும். இரண்டும் ஒன்றாக மிதிபட்டால் இயந்திரத்தின் வலுவைக் குறைக்கும் ஏற்பாடு புதிய கார்கள் பலவற்றில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. அதோடு, திடீரென நிற்கும்போது உடல் முன்னே சரியாமல் ஊன்றிக்கொள்ள உதவுவதும் இடது காலே. தயாராக இருக்கட்டும் என்று அதைப் பிறேக்கின்மேல் வைத்துக்கொண்டு ஓட்டினால், பின்புறச் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்கும், பின்னால் வரும் வானின் சாரதிக்கு நீங்கள் எப்போது உண்மையில் நிறுத்துகிறீர்கள் என்று தெரியாது. ஏ9 வீதியில் வவுனியாவரை அப்படியே ஓட்டினால் பிறேக்கும் சூடேறி வலுவிழக்கும்.

பழகினாலும் கைகூடாது என்று சொல்லமாட்டேன். ஆயினும் இடையில் ஒருநாள் வேறொருவரின் கியர் வானை ஓட்டநேர்ந்தால் கால் மறுபடியும் குழம்பும் என்பதால், நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. போரில் வலது காலை இழந்தவர்களுக்கு இடது கால்தான் துணை. அவர்களுக்காகப் பிறேக்குக்கு இடப்பக்கத்தில் இன்னொரு அக்சிலேற்றரைப் பொருத்தி, வலப்பக்கத்தில் உள்ளதைத் தடுப்பிட்டு மறைக்கலாம். அங்கும் ஒரே கால்தான் இரண்டு மிதிகளுக்கும் மாறி மாறிச் செல்கிறது.

ஒழுங்கையில் அக்சிலேற்றரே தேவையில்லை. கியரை முன்னே ஓடும் நிலையான 'டி'யில் போட்டுப் பிறேக்கை விட்டதும் கார் தானாக மெல்ல நகரும். வலது குதிக்காலைப் பிறேக்குக்கு நேரே தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் சிறிது அழுத்தியும் விட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். இடது காலை அதற்கென உள்ள பக்கத் தாங்கியில் வைத்துவிட்டு, வீதியில் இடைவெளி கிடைத்ததும் அதே வலது பாதத்தை அக்சிலேற்றருக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.