ரோமப் பேரரசு ஆடம்பரத்தாலும் ஒழுக்கக்கேட்டாலும்தான் வீழ்ந்ததா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பயிற்சி மையக் குறிப்புகளில் ஆடம்பரம், ஒழுக்கக்கேடு, படையெடுப்பு என்று எண் போட்டு அடுக்கியிருப்பார்கள். தேர்வில் அதையே எழுதிவிடுங்கள், மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: இரண்டாகப் பிரிந்திருந்த பேரரசில் மேற்கு ரோம் விழுந்தது வரி வரவு நின்றுபோனதால்.

நான் பேராசிரியர் இல்லை. வருவாய்த் துறையில் வேலை பார்த்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன். "இவருக்கு எதைப் பார்த்தாலும் கிஸ்தி, அதாவது நிலவரி ஞாபகம்தான்" என்று கருத்துப் போட ஆட்கள் வருவார்கள். வரட்டும். நிலத்திலிருந்து பணம் எப்படி வருகிறது, எப்படி நிற்கிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் சொல்வதையும் கொஞ்சம் கேட்கலாம்.

நான் ஆர்.ஐ.யாக (வருவாய் ஆய்வாளராக) இருந்தபோது ஒரு வருஷம் ஆற்றுக்கரை உடைந்து எங்கள் பிர்க்காவில், அதாவது என் பொறுப்பில் இருந்த கிராமங்களில், வயலெல்லாம் மணல் மூடிவிட்டது. ஜமாபந்திக்கு (வருஷாந்திரக் கணக்குத் தணிக்கைக்கு) எடுத்துப்போன அடங்கலில், அதாவது பயிர்க் கணக்கில், பயிர் எழுதும் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை தரிசு, தரிசு, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றும் சாவி, அதாவது மணி பிடிக்காத பயிர். வஜா, அதாவது வரித் தள்ளுபடி கேட்டு அறிக்கை எழுதினேன். "இத்தனை ஏக்கருக்கா?" என்று மேலதிகாரி திருப்பி அனுப்பினார். வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் கூட்டிக்கொண்டு மறுபடி வயலில் இறங்கி, சர்வே நம்பர் வாரியாக மணல் எத்தனை அடி என்று கடப்பாரையைக் குத்திப் பார்த்துக் குறித்துக் கொடுத்தேன். கடைசியில் வஜா கிடைத்தது.

பல வருஷம் கழித்து ரோம வரலாறு படிக்கும்போது 413-ல் பேரரசர் ஹொனோரியஸ் போட்ட உத்தரவு ஒன்று கண்ணில் பட்டது. காம்பானியா முதலான இத்தாலிய மாகாணங்கள் ஐந்து வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வரி கட்டினால் போதும். 410-ல் ரோம் நகரைச் சூறையாடிய கோத்துகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் அந்த வயல்களின் வழியாகத்தான் போனார்கள். ஆகவே அது ஒரு வஜா உத்தரவு! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மாகாணங்களிலும் எவனோ ஒருவன் வயலில் இறங்கிக் கணக்கு எழுதியிருப்பான் அல்லவா?

இத்தாலி போனாலும் வட ஆப்பிரிக்கா இருந்தது. தானியம், எண்ணெய், பொன் எல்லாம் அங்கிருந்து வந்தன. 429-ல் வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானியக் கூட்டத்தார் ஸ்பெயினிலிருந்து அங்கே கடந்தார்கள். 439-ல் அவர்கள் அரசன் கைசரிக் அங்கிருந்த பெரிய நகரமான கார்த்தேஜையே பிடித்துவிட்டான். 445-ல் வட ஆப்பிரிக்காவில் உள்ள நுமிடியா மாகாணத்துக்கு இன்னொரு வஜா: பழைய வரியில் எட்டில் ஒரு பங்கு. அதற்குச் சற்று முன்புதான் பேரரசர் மூன்றாம் வாலன்டினியன் விற்பனையில் இருபத்து நான்கில் ஒரு பங்கு என்று புது வரி போட்டிருந்தார். அந்தச் சட்டத்திலேயே ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறது: ஓய்ந்துபோன குடிகளிடமிருந்து வருவதை வைத்துப் படைக்குச் சோறும் துணியும் கொடுக்க முடியவில்லை என்று. என் பிர்க்காவில் வசூல் நின்ற வருஷமும் தலையாரிக்குச் சம்பளம் வேறு கஜானாவிலிருந்து வந்தது. ரோமுக்கு வேறு கஜானா இல்லை. 476-ல் இத்தாலியில் இருந்த கூலிப்படையினர் மூன்றில் ஒரு பங்கு நிலம் கேட்டார்கள். மறுத்த படைத்தலைவர் ஒரெஸ்டிஸைக் கொன்றுவிட்டு, அவர் மகனான சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸை அந்தக் கூலிப்படையின் தலைவன் ஓடோவாக்கர் மேற்கு ரோமின் அரியணையிலிருந்து இறக்கினான்.

"அப்படியானால் படையெடுப்புதானே காரணம்?" என்பீர்கள். சரி, ஆனால் 378-ல் கிழக்கு ரோமும் அட்ரியானோப்பிளில் படுதோல்வி கண்டது, பேரரசரே செத்தார். 468-ல் கார்த்தேஜை மீட்கப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களில் பெரும்பகுதியை, வாண்டல்கள் தீ வைத்து ஏவிவிட்ட தீக்கப்பல்களுக்குப் பறிகொடுத்ததும் கிழக்குதான். எகிப்தும் சிரியாவும் வரி கட்டிக்கொண்டிருந்ததால் எழுந்து நின்றது. கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட அந்தக் கிழக்குப் பேரரசு 1453 வரை இருந்தது. ஆடம்பரம் என்றால் முசிறிக்குக் கப்பல் விட்டு மிளகு வாங்கிய முதல் இரண்டு நூற்றாண்டுகளில்தான் அதிகம். பேரரசு உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான்.

வரி வசூலித்தவர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிய நிலக்காரர்கள் தப்பித்துக்கொண்டு சுமை ஏழைகள் தலையில் விழுந்தது, இதற்குக் கோத்துகளே மேல் என்று ஜனங்கள் ஓடினார்கள் என்று அந்தக் காலத்துப் பாதிரியார் சால்வியன் எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் வருவாய்த் துறை என்றாலே லஞ்சம் என்று எழுதுகிறவர்கள், கடப்பாரையோடு மணலில் நின்றவர்களும் அந்தத் துறையில்தான் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் நான் படித்தது எங்கள் ஊர் நூலகத்தில். அந்த வரலாற்று அலமாரியைக் காலி செய்து தேர்வு வழிகாட்டிகளை அடுக்கிவிட்டார்கள். யாரும் எடுப்பதில்லையாம். பதிவேட்டைப் புரட்டினால் என் கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். பழைய புத்தகங்களை எங்கே போட்டீர்கள் என்று மனு எழுதிக் கொடுத்தேன், இன்னும் பதில் வரவில்லை.