கில்மார்ட்டினில் இரண்டு இரவு

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஸ்காட்லாந்து பற்றி எழுதும்போது கில்மார்ட்டின் என்ற சிற்றூரை இரண்டு மூன்று முறை குறிப்பிட்டிருக்கிறீர்கள். வரும் மே மாதம் அம்மா ஊரிலிருந்து லண்டன் வருகிறார். எடின்பரோ, கிளாஸ்கோ, ஓபன் என்று ஒரு வாரம் காரில் சுற்றத் திட்டம். ஓபனிலிருந்து திரும்பும்போது கில்மார்ட்டினுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். போய் வந்த நண்பரோ, "வயல்ல நாலு கல்லு நிக்குது, அதுக்குப் போய் எதுக்கு மெனக்கெடுற" என்கிறார். ஒரு மணி நேரம் போதுமா? அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. அவரால் நடந்து பார்க்க முடியுமா?

அன்புடன்,
செ., லண்டன்

அன்புள்ள செ.,

ஒரு மணி நேரம் போதாது. இரண்டு இரவு தங்குங்கள். அதற்காக எடின்பரோவில் ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை.

உங்கள் நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். ஓபனிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும். சாலையோரம் ஒரு தேவாலயம், ஒரு ஹோட்டல், ஓர் அருங்காட்சியகம், கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். நடுப்பகல், மூடிய வானம். டெம்பிள் வுட் கல்வட்டத்தில் ஒரு கல்லில் சுருள் செதுக்கியிருக்கிறது என்று படித்திருந்தேன். ஒவ்வொரு கல்லாகச் சுற்றிப் பார்த்தும் கண்ணில் படவில்லை. மழையும் பிடித்துக்கொள்ள, கிளம்பிவிட்டேன்.

அடுத்த முறை செப்டம்பரில் போய் ஊரிலேயே தங்கினேன். அருங்காட்சியகத்தில் இருந்த பெண்மணி, "வெயில் சாயும்போது போங்கள், அப்போதுதான் கல்லில் இருப்பது தெரியும்" என்றார். ஆறு மணிக்கு மேல் போனேன். வட்டத்தின் வடக்குப் பக்கத்தில், ஒரு கல்லின் அடியில், புல்லை ஒட்டி அந்தச் சுருள் இருந்தது. ஒரு முகத்தில் சுழன்று, விளிம்பைத் தாண்டி, பக்கத்து முகத்தில் இன்னொரு சுழலாக விரிகிறது. நின்றபடி பார்த்தால் பிடிபடாது, தரையில் உட்கார வேண்டும். அதைச் செதுக்கியவரும் அங்கே அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். விரல் நுனி அளவு அகலப் பள்ளம்தான். ஆனால் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு நிழல் கிடைத்துவிடுகிறது. மே மாதம் அங்கே பொழுது சாய இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகும். எட்டு மணிக்கு மேல் நீங்கள் அந்தக் கல்லின் முன்னால் இருக்க வேண்டும். தங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் 800க்கும் மேற்பட்ட பழஞ்சின்னங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தேட வேண்டாம். ஊரிலிருந்து தெற்கே, பள்ளத்தாக்கின் நடுவே, ஐந்து கற்குவைகள், அதாவது கல்லறை மேல் கல் குவித்த மேடுகள், ஒரே வரிசையில் கிடக்கின்றன. நெதர் லார்கி தெற்கு என்பதுதான் மூத்தது, புதிய கற்காலத்தது, 5000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. நடுவில் ஆறு மீட்டர் நீளக் கல்லறை அறை. மற்ற குவைகளெல்லாம் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து, வெண்கலக் காலத்தில் வந்தவை. பேச்சும் வழக்கமும் எவ்வளவோ மாறியிருக்கும். ஆனாலும் அந்த மக்கள் தங்கள் பெரியவர்களைப் புதைக்க அந்தப் பழைய குவையின் வரிசையைத்தான் தேடி வந்திருக்கிறார்கள். நாலு கல் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நெதர் லார்கி வடக்குக் குவைக்குள் மேலிருந்து ஒரு மூடியைத் தள்ளிக்கொண்டு இறங்கலாம். உள்ளே உள்ள கல் பெட்டியின் மூடுபலகையில் வெண்கலக் கோடரித் தலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே உலோகம் புதிதாக வந்த காலம் அது. கோடரி எத்தனை பெரிய சொத்து என்பது அந்தப் பலகையைப் பார்த்தால் தெரியும். கையில் டார்ச் வேண்டும். அம்மா வெளியிலேயே இருக்கட்டும்.

டெம்பிள் வுட் என்ற பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுற்றியுள்ள மரங்களும் அந்தப் பெயரும் 19ஆம் நூற்றாண்டில் பொல்டாலக் எஸ்டேட் ஜமீன்தார்களான மால்கம் குடும்பம் தந்தவை. அந்தக் குடும்பத்தின் செல்வத்தில் பெரும்பங்கு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்துத் தந்தது. அழகான தோப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

இனி டனாட். ஊருக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி, மோய்ன் வோர் என்ற பெரிய சதுப்பின் நடுவில் தனியாக எழும்பி நிற்கும் பாறைக்குன்று. உயரம் 54 மீட்டர்தான். ஆறாம் நூற்றாண்டிலிருந்து சுமார் முந்நூறு ஆண்டுகள் கேலிக் மொழி பேசிய மக்களின் டால் ரியாடா அரசுக்குத் தலைமைக் கோட்டைகளில் ஒன்றாக இருந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறையில் பாதத்தடம் செதுக்கியிருக்கிறது. பட்டம் ஏற்கும் அரசர் அதில் கால் வைத்து நின்று நாட்டைப் பார்த்தார் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இப்போது நாம் காண்பது நகல், அசல் பாறை பாதுகாப்பாக அதன் அடியில் இருக்கிறது. நான் ஏறிய அன்று காலையில் மழை பெய்திருந்தது. தடத்தில் தண்ணீர் தேங்கி, அதில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. கீழே ஆட் என்ற ஆறு வளைந்து வளைந்து கிரினன் பக்கம் கடலுக்குப் போகிறது.

இங்கே அகழ்ந்தபோது நகை வார்க்கும் அச்சுகள் கிடைத்தன. இன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து வந்த மட்பாண்டங்களும், ஏடுகளில் ஓவியம் தீட்டப் பயன்படும் அரிதாரமும் கிடைத்தன. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் நிறம் அது. 736இல், கிழக்கே இருந்த பிக்ட் இனத்தின் அரசன் ஓங்கஸ் இந்தக் கோட்டையைப் பிடித்ததாக அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. இத்தனையும் நடந்த இடத்தில் இன்று ஆடுகள் மேய்கின்றன.

ஊருக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டரில் கார்னாசரி கோட்டை. 1560களில் ஜான் கார்ஸ்வெல் என்ற மதகுரு கட்டியது. கேலிக் மொழியில் முதன்முதலாக அச்சேறிய நூல், 1567இல் வந்த அவருடைய வழிபாட்டு நூல் மொழிபெயர்ப்புதான். கோட்டை வாசலுக்கு மேலேயும் கேலிக்கில் ஒரு வரி பொறித்திருக்கிறார். மொழி மேல் பற்றுள்ள யாரும் அந்த வரியின் கீழ் ஒரு நிமிடம் நிற்பார்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கற்குவைகளும் கல்வட்டமும் சமதரையில்தான் இருக்கின்றன. ஊரிலிருந்து நடக்க வேண்டாம், காரில் பக்கம்வரை போய்விடலாம். தேவாலய வளாகத்தில் இருக்கும் கல்லறைப் பலகைகளை அவர் நிதானமாகப் பார்க்கலாம். வாளேந்திய வீரர்களும் கொடிப் பின்னல்களும் செதுக்கிய இடைக்காலப் பலகைகள் அவை. 2023இல் புதுப்பித்துத் திறந்த அருங்காட்சியகத்தையும் விட வேண்டாம், முதலில் அங்கே போனால் மற்றதெல்லாம் புரியும். கார்னாசரி கோட்டைக்குக் கொஞ்சம் மேடு ஏற வேண்டும், அது அவர் விருப்பம். டனாட் மட்டும் வேண்டாம். பாறை, அதுவும் ஈரப் பாறை. நீங்கள் ஏறி இறங்க ஒரு மணி நேரம் போதும், அதுவரை அவர் காரில் இருக்கட்டும்.

அப்புறம், மே கடைசியில் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி கிளம்பிவிடும். காற்றில்லாத மாலைகளில் மொய்க்கும். மாதத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் வேண்டும். தங்கும் இடங்கள் மிகக் குறைவு என்பதால் இப்போதே அறை பதிவு செய்துவிடுங்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். சுருள் எந்தக் கல்லில் என்று ஒரு படம் வரைந்து அனுப்புகிறேன்.